பூ செருகும் ஊசித் தட்டு: விலை பாதியானால் வாங்கலாமா?

பூ செருகி நிறுத்துகிற ஊசித் தட்டின் விலை பாதியாக இறங்கிவிட்டதாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை போனில் படத்தைக் காட்டி, "லாத்தா, உங்க வீட்டு ஹால்ல இருக்கிறதும் இதுதானே, வாங்கட்டுமா?" என்று கேட்டாள். ஒரு சொல்லில் பதில் வரவில்லை. கடலோரத்துக் கீழக்கரைக் காற்றிலும் கீழக்கரைத் தண்ணீரிலும் அதை இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்துப் பழகியிருக்கிறேன். சொல்ல நிறைய இருக்கிறது. அதில் பாதி கோபம்.

பொருள் என்னவென்று பலருக்கும் தெரிந்திருக்கும். உள்ளங்கை அளவு ஈயக் கட்டி, அதன்மேல் நெருக்கமாக நட்ட ஊசிகள். ஜப்பானியர்களின் இகெபானா பூ அலங்காரத்துக்கு உண்டானது, கென்சான் என்று தேடினால் வரும். ஆழமில்லாத பீங்கான் தட்டில் வைத்து, ஊசி மூழ்கத் தண்ணீர் ஊற்றி, காம்பைக் குத்தி நிறுத்த வேண்டியதுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு மனசு வராது. நம் பக்கம் மலிவாகக் கிடைக்கிற பூவெல்லாம் காம்பு இல்லாத பூ. மல்லிகையும் கனகாம்பரமும் சரமாகி முழக் கணக்கில் வரும். செவ்வந்தியும் செண்டுப்பூவும் உதிரியாக எடைக்கு வரும். தலைக்கும் மாலைக்கும் பறிக்கிற பூவுக்கு நீளக் காம்பு எதற்கு? ஆசைப்பட்டுக் கண்ணாடி ஜாடி வாங்கியவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். ஜாடியில் நிற்கிற ரோஜாவோ ஜெர்பராவோ வேண்டுமென்றால் ராமநாதபுரத்துக்குப் போய் பொக்கே கடையில்தான் கேட்க வேண்டும். அவையும் ஓசூர் மாதிரி தூரத்துத் தோட்டத்திலிருந்து வருபவை, கைக்கு வரும்போதே களைத்திருக்கும்.

ஊசித் தட்டுக்கு விரற்கணு அளவு காம்பு போதும். உதிரிச் செவ்வந்தியில் காம்பு ஒட்டியிருப்பதாகப் பார்த்துப் பொறுக்கிக் குத்தினால் நிற்கும், தண்ணீரும் குடிக்கும். ராத்திரி கடை அடைக்கிற நேரத்தில் பூக்காரம்மா மிச்சத்தை விலை குறைத்துத் தள்ளிவிடுவார், அது போதும் ஹாலுக்கு. ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு விழா நேரத்திலும், மார்கழித் திருவாதிரைக்கு உத்தரகோசமங்கைக் கோயிலில் கூட்டம் சேர்கிற நாட்களிலும் மட்டும் இந்த மலிவை எதிர்பார்க்காதீர்கள்.

சம்பங்கி தண்டோடு கிடைத்தால் விடவே கூடாது. கீழ் மொட்டு முதலில் விரியும், பிறகு ஒவ்வொன்றாக மேலே ஏறும். வாடிய கீழ்ப்பூவைக் கிள்ளி, தண்டின் அடியையும் கொஞ்சம் நறுக்கிவிட்டு மறுபடி குத்தலாம். முதல் நாள் முழங்கை உயரத்தில் நின்றது, போகப்போகக் குட்டையாகி அதே தட்டில் வேறு அலங்காரமாக நிற்கும். ஜாடியில் வைத்தால் குட்டைத் தண்டு உள்ளே விழுந்து காணாமல் போகும். வாசனை ராத்திரியில்தான் ஏறும், தலைவலி வருகிறவர்கள் படுக்கையறையில் வைக்க வேண்டாம்.

அப்புறம் காற்று. கச்சான் என்கிற மேல்காற்று கிளம்பினால் எங்கள் ஹாலில் ஜன்னலோரம் எதுவும் நிற்காது. காற்று மிஞ்சினால் பாம்பன் பாலத்தில் ரயிலையே நிறுத்தி வைக்கிற கடற்கரை இது, கண்ணாடி ஜாடி எந்த மூலைக்கு? இந்த ஈயக் கட்டி மட்டும் அசையாது. பூ தலையாட்டும், தட்டு நகராது. அந்த நம்பிக்கை வேறு எதற்கும் வந்ததில்லை.

மெல்லிய காம்புகள் ஊசிகளுக்கு நடுவே நழுவும். நாலைந்தைச் சேர்த்து, பூ கட்டுகிற வாழை நாரால் அடியில் ஒரு சுற்றுச் சுற்றிக் குத்தினால் பிடித்துக்கொள்ளும். சவுக்குக் கிளை மாதிரி கட்டையானதைச் சாய்வாக வெட்டி, நேராகக் குத்தி, அப்புறம் வேண்டிய பக்கம் சாய்க்க வேண்டும். ஜெர்பரா காம்பு சீக்கிரம் அழுகும், அதற்குத் தண்ணீர் குறைவாக இருப்பதே நல்லது, அந்த வகையிலும் இந்தத் தட்டு தோது. அளவுக்கு இகெபானாவில் ஒரு கணக்கு உண்டு. பீங்கான் தட்டின் அகலத்தையும் ஆழத்தையும் கூட்டி அதற்கு ஒன்றரை மடங்கு நீளம் பெரிய தண்டு, அதில் முக்கால் இரண்டாவது, இரண்டாவதில் முக்கால் மூன்றாவது. எனக்குப் பிடித்த கணக்கு. மூன்று தண்டோடு செலவு முடிந்துவிடும்.

சரி, இப்போது துரு.

விளம்பரத்தில் "பித்தளை ஊசி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நிறமும் பித்தளைதான். முதல் மழைக்காலம் முடிவதற்குள் ஊசி அடியில் செம்பழுப்பு தெரிந்தது. பித்தளை பச்சை பூக்கும், கறுக்கும். இப்படித் துருப்பிடிக்காது. பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து ஊசிமேல் வைத்தேன், கப்பென்று பிடித்துக்கொண்டது. பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது, ஈயமும் ஒட்டாது. ஆக உள்ளே இரும்பு, மேலே பித்தளை முலாம். ஜன்னல் கம்பியும் பிரிட்ஜின் அடிப்பாகமும் சும்மா நின்றபடியே துருப்பிடிக்கிற ஊரில், இரும்பைத் தண்ணீரிலேயே நிற்க வைக்கிற பொருளை விற்றிருக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் ஈயத்தையும் பித்தளையையும் ஒட்டி இரும்பு இருந்தால் முதலில் அரிபடுவது இரும்புதான். முலாமில் ஊசி முனையளவு ஓட்டை விழுந்தால் போதும்.

விற்றவருக்குப் படத்தோடு எழுதினேன். "ஈரம் படாமல் பயன்படுத்தவும்" என்று பதில் வந்தது. பூவுக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாமானை ஈரம் படாமல்! இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கையும் பரபரக்கிறது.

நியாயமாகச் சொன்னால், துருவால் பூவுக்குப் பெரிய கெடுதல் எதையும் நான் பார்க்கவில்லை. எனக்கு எரிச்சல் தட்டைப் பார்த்தால்தான். வெள்ளைப் பீங்கானில் மீன் குழம்பு காய்ந்த மாதிரி ஒரு வளையம். எலுமிச்சை, புளி, பழைய டூத்பிரஷ் என்று தேய்த்தால் போகும். அடுத்த பூவுக்குள் திரும்ப வரும். விருந்தாளி வந்தால் பூவைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த வளையத்தைத்தான் பார்ப்பார் என்று எனக்கு ஒரு பிரமை.

தண்ணீரும் இதில் சேர்த்தி. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் வைத்தால் ரோஜா சீக்கிரம் தலை தொங்குகிறது, துருவும் வேகமாக ஏறுகிறது. குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிற நல்ல தண்ணீரை ஊற்றினேன். மாமி பார்த்துவிட்டு, "குடிக்கிற தண்ணியப் பூவுக்கா ஊத்துறே?" என்றார். மறுத்துச் சொல்ல எதுவும் இல்லை, அவர் வரிசையில் நின்று குடம் பிடித்த தலைமுறை. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறுகிற தண்ணீரைச் சிலர் சொன்னார்கள். அது வேண்டாம், வடிகட்டிய உப்பெல்லாம் சேர்வது அதில்தான். கடைசியில் கைகொடுத்தது ஏசி குழாயில் சொட்டுகிற தண்ணீர். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து வருவது என்பதால் அதில் உப்பு கிடையாது என்றே சொல்லலாம். நம் கடற்கரைப் புழுக்கத்துக்கு ஒரு ராத்திரியில் தட்டு நிறைய மட்டுமல்ல, வாளியிலும் நிற்கும். அதைத் தினமும் மாற்றி, தண்ணீரில் படுகிற இலைகளைக் கிள்ளிவிட்டு, காம்பு நுனியைப் புதிதாக நறுக்கிவைத்தால் மலிவுப் பூவே வியக்கிற அளவு தாங்குகிறது. பக்கத்தில் பழுத்த மாம்பழமோ வாழைப்பழமோ வைக்காதீர்கள், பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் உதிர்த்துவிடும்.

பச்சை ஸ்பாஞ்சு வாங்கலாமே என்பார்கள். அது மட்காத பிளாஸ்டிக், கையில் பொடிப்பொடியாக உதிரும், குத்திய ஓட்டையில் மறுபடி குத்தினால் பூ ஆடும். ஒவ்வொரு தடவையும் புதிது வாங்க வேண்டும். அந்த வழிக்கு நான் போவதாக இல்லை.

இன்னொன்று, அடியில் இருப்பது ஈயம். சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், தொட்டால் கை கழுவுங்கள், அந்தப் பீங்கானில் பிறகு சோறு போடாதீர்கள்.

இவ்வளவையும் அந்தப் பிள்ளையிடம் சொல்லி முடித்தபோது, "அப்போ நல்ல சாமான்தானே லாத்தா?" என்றாள். நல்ல சாமான்தான். ஆனால் வாங்காதே என்றேன். பாதி விலை என்ன, கால் விலைக்குக் கொடுத்தாலும் எனக்கு இதை விற்ற அந்த ஆளுக்குக் காசு போகக் கூடாது. காந்தம் ஒட்டாத ஊசியோடு கடையில் நேரில் பார்த்தால் விலை கூட என்றாலும் எடு. பெருநாளுக்கு அவசரமாக வேண்டுமென்றால் என்னுடையதைக் கொண்டுபோ. பீங்கான் தட்டு மட்டும் உன் வீட்டுடையதாக இருக்கட்டும்.