கலிஃபோர்னியாவா, டெக்சஸா: நிரம்பி வழிந்த சிறையைக் குறைத்தது எந்த வழி?

2007-இல் அமெரிக்காவின் இரண்டு பெரிய மாநிலங்களுக்கு ஒரே தலைவலி. கலிஃபோர்னியாவில் சுமார் 80,000 பேருக்காகக் கட்டிய சிறைகளில் 1.7 லட்சம் பேர் இருந்தார்கள். டெக்சஸில் 1.5 லட்சத்துக்கு மேல். அடுத்த ஐந்து ஆண்டுகளில் இன்னும் 17,000 படுக்கைகள் வேண்டும் என்று அந்த மாநிலத்தின் பட்ஜெட் வாரியம் கணக்குக் கொடுத்தது. இப்போது கலிஃபோர்னியாவில் கைதிகள் 90,000-ஐ ஒட்டி இருக்கிறார்கள். டெக்சஸில் 1.3 லட்சத்துக்கு மேல். மக்கள்தொகையிலோ கலிஃபோர்னியாதான் பெரியது. அங்கே கிட்டத்தட்ட 4 கோடி, டெக்சஸில் 3 கோடி.

அப்படியிருந்தும் அமெரிக்காவில் சிறைச் சீர்திருத்தம் பேசுகிறவர்கள் பலரும் முதலில் காட்டுவது டெக்சஸைத்தான். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆனால் டெக்சஸ் செய்த ஒரு காரியத்தைக் கலிஃபோர்னியா முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

அதற்கு முன் ஒரு சொல் விளக்கம். பரோல் என்றால் நமக்கு, வீட்டு விசேஷத்துக்கோ சாவுக்கோ சில நாள் வெளியே வந்து திரும்பிப் போவது. அமெரிக்காவில் பரோல் என்பது தண்டனைக் காலம் முடியும் முன்பே விடுதலையாகி, மீதிக் காலத்தை அதிகாரியின் கண்காணிப்பில் வெளியே கழிப்பது. நிபந்தனையை மீறினால் மறுபடி உள்ளே.

டெக்சஸின் சிக்கல் அங்கேதான் இருந்தது. செலவைக் குறைக்கிறோம் என்று போதை சிகிச்சைக்கான இடங்களை 2003-இல் வெட்டியிருந்தார்கள். சிகிச்சையை முடித்தால் போகலாம் என்று பரோல் வாரியம் ஒருவருக்குச் சொல்லிவிடும். சிகிச்சைக்கு இடம் இருக்காது. காத்திருப்புப் பட்டியலில் பெயரை வைத்துக்கொண்டு அவர் சிறையிலேயே உட்கார்ந்திருப்பார். வெளியே நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தவர்கள் போதைச் சோதனையில் சிக்கினால், நீதிபதி கையில் இருந்த பெரிய ஆயுதம் சிறை ஒன்றுதான். ஆக உள்ளே போகிற வாசல் அகலம், வெளியே வருகிற வாசல் குறுகல்.

ஜெர்ரி மேடன் என்ற குடியரசுக் கட்சிப் பிரதிநிதியும், ஜான் விட்மயர் என்ற ஜனநாயகக் கட்சி செனட்டரும் சேர்ந்து இதைக் கையில் எடுத்தார்கள். புதுச் சிறைகள் கட்டினால் 2012-க்குள் 200 கோடி டாலர் வரை ஆகும் என்று மதிப்பீடு இருந்தது. அதற்குப் பதிலாக 24.1 கோடி டாலரைச் சிகிச்சைப் படுக்கைகள், போதை வழக்குகளுக்கான தனி நீதிமன்றங்கள், விடுதலையானவர்கள் தங்கும் இடைநிலை இல்லங்கள், நிபந்தனை மீறியவர்களுக்கான குறுகிய காலக் காவல் ஆகியவற்றுக்கு ஒதுக்கினார்கள். பரோலை ரத்து செய்து திருப்பி அனுப்பப்படுகிறவர்களின் எண்ணிக்கை குறைந்தது. பட்ஜெட் வாரியம் சொன்ன 17,000 படுக்கை தேவைப்படவே இல்லை. 2011-இல், ஹூஸ்டன் பக்கத்தில் சுகர் லேண்டில் ஒரு நூற்றாண்டாக இருந்த சென்ட்ரல் யூனிட் சிறையை மூடினார்கள். 1990-களில் சிறைமேல் சிறையாகக் கட்டித் தள்ளிய மாநிலம் அது.

சரி, குறை என்ன? தண்டனைச் சட்டத்தை டெக்சஸ் தொடவில்லை. ஒரு கிராமுக்கும் குறைவான கொக்கெய்ன் வைத்திருந்தாலும் அங்கே இன்றும் அது பெருங்குற்றம். இரண்டு ஆண்டு வரை உள்ளே போடலாம். யாருக்கு எத்தனை ஆண்டு என்பது மாறாதபோது, சிகிச்சைக்கான பணமும் பரோல் வாரியத்தின் மனநிலையும்தான் எண்ணிக்கையைத் தீர்மானிக்கின்றன. கொரோனா காலத்தில் நன்றாகக் குறைந்த எண்ணிக்கை பிறகு மறுபடி ஏறியதற்குத் தடுப்பு எதுவும் இல்லை.

கலிஃபோர்னியாவின் கதை நீதிமன்றத்தில் நடந்தது. 1994-இல் வந்த மூன்று முறைச் சட்டப்படி, ஏற்கெனவே வன்முறை போன்ற இரண்டு கடுங்குற்றங்களில் தண்டனை பெற்றவர் மூன்றாவதாக எந்தப் பெருங்குற்றம் செய்தாலும் 25 ஆண்டு முதல் ஆயுள் வரை. மூன்று கோல்ஃப் மட்டைகளைத் திருடிய ஒருவருக்கு அந்தத் தண்டனை விழுந்தது. 2003-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இப்படி நிரம்பிய சிறைகளில் உடற்பயிற்சிக் கூடங்களில் மூன்றடுக்குக் கட்டில் போட்டார்கள். 54 பேருக்கு ஒரு கழிப்பறை. தற்கொலை எண்ணம் உள்ள கைதிகளை, கழிப்பறை இல்லாத டெலிபோன் பூத் அளவுக் கூண்டுகளில் நெடுநேரம் நிறுத்தி வைத்தார்கள். ஆறேழு நாளுக்கு ஒருவர், சரியான மருத்துவம் இருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர், இறந்துகொண்டிருந்தார். இது தெல்டன் ஹெண்டர்சன் என்ற நீதிபதி 2005-இல் பதிவு செய்த உண்மை. இதைப் படித்த பிறகு, கைதிகளை வெளியே விடுவது ஆபத்து என்ற வாதத்தை மட்டும் தனியாக எடுத்துப் பேச என்னால் முடியவில்லை.

கைதிகள் தொடுத்த வழக்கில் 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கைதிகளின் எண்ணிக்கையைக் கொள்ளளவில் 137.5 சதவீதத்துக்குள் இரண்டு ஆண்டுகளில் கொண்டுவர வேண்டும். தீர்ப்பை எழுதிய ஆண்டனி கென்னடி கலிஃபோர்னியாவில் பிறந்தவர். வழக்கில் பிரதிவாதியாக இருந்த ஆளுநர் ஜெர்ரி பிரவுன், 1970-களில் தன் முதல் பதவிக் காலத்தில் பரோல் வாரியத்தின் அதிகாரத்தைக் குறைத்து நிலையான தண்டனைக் காலங்களைக் கொண்டுவந்த சட்டத்தில் கையெழுத்திட்டவர். அதன் விளைவுகள் தான் நினைத்தபடி அமையவில்லை என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

அப்புறம் வரிசையாக மாற்றங்கள். 2011 அக்டோபரிலிருந்து வன்முறை, பாலியல் குற்றம் போன்றவற்றில் சேராத கைதிகள் மாநிலச் சிறைக்குப் பதில் கவுன்டி (நம் மாவட்டம் போன்றது) சிறைக்குப் போனார்கள். 2012-இல் மூன்று முறைச் சட்டம் தளர்ந்தது. மூன்றாவதும் கடுங்குற்றமாக இருந்தால்தான் ஆயுள். 2014-இல் வாக்காளர்கள் நேரடி வாக்கெடுப்பில் 47-ஆம் முன்மொழிவைச் சட்டமாக நிறைவேற்றினார்கள்: சொந்த உபயோகத்துக்குப் போதை வைத்திருப்பதும், 950 டாலர் வரையிலான திருட்டும் சிறு குற்றங்கள் ஆயின. 2015 தொடக்கத்திலேயே நீதிமன்றம் சொன்ன அளவுக்குக் கீழே எண்ணிக்கை வந்துவிட்டது. 2021-இல் ட்ரேசியிலும் 2023-இல் சூசன்வில்லிலும் சிறைகளை மூடினார்கள்.

குறைகளும் உண்டு. கவுன்டி சிறைகள் விசாரணைக் கைதிகளுக்கும் ஓராண்டுக்கு உட்பட்ட தண்டனைக்கும் கட்டியவை. அங்கே ஐந்து ஆண்டு, எட்டு ஆண்டு கழிக்க வேண்டியவர்களைக் கொண்டுபோய் அடைத்தார்கள். வன்முறைக் குற்றங்கள் இதனால் கூடியதாக ஆய்வுகள் காட்டவில்லை. கார் திருட்டு ஓரளவு கூடியது.

இதைவிடப் பெரிய தவறு, காரியங்களைச் செய்த வரிசை. 47-ஆம் முன்மொழிவால் மிச்சமாகும் பணத்தில் பெரும்பகுதி சிகிச்சைக்கும் மனநலத்துக்கும் போக வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது. ஆனால் முதல் மானியங்கள் போய்ச் சேர்ந்தது 2017-இல்தான். இடையில், சிகிச்சைக்குப் போ, இல்லையென்றால் சிறை என்று சொல்லும் பிடி நீதிபதிகளின் கையை விட்டுப் போயிருந்தது. சிறை பயமும் இல்லை, சிகிச்சையும் இல்லை. 2024 நவம்பரில் மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் 36-ஆம் முன்மொழிவுக்கு வாக்களித்து, திருட்டுக்கும் போதைக்கும் தண்டனையை மறுபடி கடுமையாக்கினார்கள். டெக்சஸ் 2007-இல் செய்ததை 2011-லேயே செய்திருந்தால் இந்த வாக்கு இப்படி விழுந்திருக்காது என்பது என் எண்ணம்.

மூன்றாவது வழியான புதுச் சிறை கட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அலபாமா 2021-இல் அதைத்தான் எடுத்தது, கொரோனா நிவாரண நிதியிலிருந்து 40 கோடி டாலரையும் சேர்த்து. புதுக் கட்டடம் தண்டனைக் காலத்தை ஒரு நாள்கூடக் குறைக்காது.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் கலிஃபோர்னியாவைச் சொல்வேன். தண்டனையின் நீளத்தில் கை வைத்தது அதுதான். டெக்சஸ் மிச்சப்படுத்திய பணமும் உள்ளே இருப்பவர்களிடம் போய்ச் சேரவில்லை. அங்கே பெரும்பாலான சிறைகளில் கைதிகள் தூங்கும் இடத்தில் ஏசி கிடையாது. 2011 கோடையில் மட்டும் குறைந்தது பத்துப் பேர் வெப்பத்தால் இறந்தார்கள். இந்த வெப்பம் அரசியலமைப்புக்கு விரோதமானது என்று ராபர்ட் பிட்மன் என்ற நீதிபதி 2025 மார்ச்சில் எழுதினார். உடனே ஏசி போடும்படி உத்தரவிட மட்டும் அவர் மறுத்துவிட்டார். எல்லாச் சிறைகளுக்கும் போட 100 கோடி டாலருக்கு மேல் ஆகும், பல ஆண்டுகள் பிடிக்கும்.