டிஷ்வாஷர் கதவுக்கு வந்த டுபாக்கூர் சர்வீஸ்: 4,300 ரூபாய் போச்சு

மடிப்பாக்கம், வேளச்சேரி பக்கம் டிஷ்வாஷர் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். மற்ற ஏரியாக்காரர்களும் படிக்கலாம். ரிப்பேர் பார்க்க வந்த ஆள் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது "அடுத்த கால் அண்ணா நகர்க்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். (மரியாதை விகுதி போட மனசு வரவில்லை, மன்னியுங்கள்.)

எங்கள் மெஷினுக்கு ஆறு வயசு. போன மாதம் ஒரு ராத்திரி கதவைத் திறந்தேன், கையில் நிற்காமல் டமாரென்று கீழே விழுந்தது. இரண்டு டம்ளர் காலி. அத்தை ஹாலில் இருந்தபடியே "நாலு பாத்திரத்தைக் கையால தேய்ச்சா ஆகாதா?" என்று ஆரம்பித்துவிட்டார். ஆனால் கதவை மூடினால் மெஷின் ஓடியது, பாத்திரமும் பளிச்சென்று வந்தது. திறக்கும்போது மட்டும்தான் கதவின் கனம் முழுவதும் கைக்கு வந்தது. இதைக் கவனத்தில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

அவசரத்தில் நான் செய்த தப்பு, கம்பெனி பெயரோடு "சர்வீஸ் சென்டர் சென்னை" என்று தேடி, முதலில் வந்த நம்பருக்கு அடித்தது. ஒரு பெண் எடுத்தார். "ஆத்தரைஸ்டுதான் மேடம், ஒரு மணி நேரத்துல ஆள் வந்துடும்." மாடல் நம்பர் கேட்கவில்லை, வாங்கின வருஷம் கேட்கவில்லை. கதவின் ஓரத்து ஸ்டிக்கரைப் பார்த்து மாடல் நம்பரை நான் குறித்து வைத்திருந்தேன். சொல்ல வந்தபோது "அதெல்லாம் ஆள் பாத்துப்பாரு" என்று போனை வைத்துவிட்டார். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வந்தவன் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. போன் டார்ச்சை அடித்து அடியில் பார்த்தான். "அக்கா, ஹிஞ்ச் (கதவுக் கீல்) செட்டே போயிடுச்சு. ரெண்டு பக்கமும் மாத்தணும். 3,800. விசிட் 500 தனி." ஸ்பேர் அம்பத்தூர் கோடவுனில் இருக்கிறதாம், முழுப் பணம் கட்டினால்தான் எடுத்துத் தருவார்களாம். ஸ்கேன் செய்தேன். கம்பெனி பெயர் வரவில்லை, யாரோ தனி ஆள் பெயர் வந்தது. "அது எங்க மேனேஜர்க்கா" என்றான். பின் நம்பரைப் போட்டது என் கைதான், வேறு யாரைத் திட்ட?

பணம் போன பிறகு பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, "சாம்பிள் காட்டணும்" என்று இரண்டு ஸ்பிரிங்கையும் எடுத்துக்கொண்டு போனான். நன்றாக இருந்த பக்கத்து ஸ்பிரிங்கையும் சேர்த்துத்தான்.

மூன்று நாள் வாய்தா. நான்காவது நாள் வெறுங்கையோடு வந்து, "போர்டுல தண்ணி இறங்கியிருக்கு, அதையும் மாத்தினாத்தான் ஹிஞ்சுக்கு வாரண்ட்டி தருவாங்க, 9,500 ஆகும்" என்றான். மெஷினை ஓட்டுகிற எலக்ட்ரானிக் போர்டு போயிருந்தால், நாலு நாள் முன்பு வரை எப்படி ஒழுங்காகப் பாத்திரம் கழுவியது? முடியாது, ஸ்பிரிங்கையும் பணத்தையும் கொடு என்றேன். "ஆபீஸ்ல பேசிக்கோங்க" என்று கிளம்பிவிட்டான். அன்றைக்கே என் நம்பரை பிளாக்கும் செய்துவிட்டார்கள்.

பில் என்று வாட்ஸாப்பில் அனுப்பியதில் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருந்தது, ஜிஎஸ்டி நம்பரும் இருந்தது. அதை அப்போதே எண்ணிப் பார்க்காமல் விட்டேன். ஜிஎஸ்டி நம்பர் 15 எழுத்து, தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33-ல் தொடங்கும். இவர்கள் கொடுத்தது 27-ல் தொடங்கியது. அது மகாராஷ்டிரா. எண்ணினால் 14 எழுத்துதான் இருக்கிறது. ஜிஎஸ்டி தளத்தில் லாகின் இல்லாமலே நம்பரைப் போட்டு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கலாம். பணம் கொடுக்கும் முன் பாருங்கள்.

அப்புறம்தான் வாரண்ட்டி கார்டைத் தேடி எடுத்து, அதில் இருந்த நம்பருக்குப் பேசினேன். என் பெயரில் புகாரே பதிவாகவில்லை என்றார்கள். கதவு விழுகிறது என்றதும் அங்கே பேசிய கம்பெனிப் பெண் கேட்ட முதல் கேள்வி: "ரோப் அறுந்திருக்கா மேடம்?"

விஷயம் அவ்வளவுதான். கதவின் இரண்டு பக்கமும் அடியில் ஒரு ஸ்பிரிங், அதிலிருந்து ஒரு கயிறு சின்ன பிளாஸ்டிக் உருளை மேல் ஏறிக் கீலுக்குப் போகிறது. கதவின் கனத்தை அந்த ஸ்பிரிங்தான் இழுத்துப் பிடிக்கிறது. எனக்கு அறுந்தது வலது பக்கக் கயிறு மட்டும். கயிறு ஜோடியும் ஸ்பிரிங் இரண்டும் சேர்த்து 1,150 ரூபாய் ஆனது. அவன் ஸ்பிரிங்கை ஆட்டையைப் போடாமல் இருந்திருந்தால் கயிற்றுக் காசோடு போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் நண்பர் ஒருவர் தாம்பரத்திலிருந்து வந்து உதவினார். பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயை மூடி, மெஷினை முன்னால் இழுத்து, நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்களைக் கழற்றினோம். தகட்டு ஓரம் பிளேடு மாதிரி, கையுறை கட்டாயம். ஸ்பிரிங்கை இழுத்து மாட்டும்போது முகத்தை நேரே வைக்காதீர்கள், நழுவினால் கண்ணுக்கு வரும். எங்கள் மெஷினில் ஸ்பிரிங் மாட்ட மூன்று ஓட்டை இருந்தது. முதலில் பின் ஓட்டையில் மாட்டினோம், கதவு தானாக மேலே எழும்பியது. நடு ஓட்டைக்கு மாற்றியதும் பாதி திறந்த நிலையில் விட்டால் அங்கேயே நின்றது. அதுதான் சரியான இழுவை. இரண்டு பக்கமும் ஒரே ஓட்டையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கதவு கோணும். மொத்தம் ஒன்றரை மணி நேரம், நடுவில் காபி உட்பட.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன், நம்பர் தந்திருக்கிறார்கள். ஆன்லைன் பணமோசடிக்கு 1930. அதற்கு உடனே பேச வேண்டும், நான் ஐந்து நாள் கழித்துப் பேசினேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே போடலாம். பில் படம், பணம் போன ரசீது, கால் லிஸ்ட் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன்.

நேற்று சும்மா தேடிப் பார்த்தேன். அதே நம்பர், அதே கடைப் படம், இப்போது ஏசி சர்வீஸ் சென்டர்.