ஜெர்மனி போகிற நம் ஊர்த் தம்பிகளுக்கு: அந்த ‘ரூம் பேக்கேஜ்’ பற்றி

நான் பாபநாசம் பக்கத்துக்காரன். அக்கா கல்யாணத்துக்காகப் பதினைந்து நாள் ஊருக்கு வந்திருக்கிறேன். சம்பா அறுப்பு முடிந்து வயலில் உளுந்து நிற்கிறது, வீட்டில் பந்தல் வேலை நடக்கிறது, எனக்கு உட்கார நேரமில்லை. ஆனாலும் இதை எழுதியே ஆக வேண்டும். நேற்று பத்திரிகை வைக்கக் கும்பகோணம் போனபோது, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், என்னைப் படிக்க ஜெர்மனிக்கு அனுப்பிய ஏஜெண்டு அலுவலகத்தின் ஃபிளெக்ஸ் ஒன்றைப் பார்த்தேன். அதில் என் முகம் இருந்தது.

விசாவுக்குக் கொடுத்த போட்டோவை வெட்டி, பின்னால் பிராண்டன்பர்க் வாயிலை ஒட்டியிருக்கிறார்கள். ‘ஜெர்மனியில் எங்கள் மாணவர்’ என்று கீழே பெரிய எழுத்து. நான் இன்னும் பெர்லின் பக்கமே போனதில்லை. ஊருக்குத் திரும்பியதும் எங்கள் தெருவில் ஒரு பையன் வந்து, “அண்ணா, உங்க போட்டோவைப் பார்த்துட்டுத்தான் அங்க சேர்ந்தேன், ரூமுக்கும் சேர்த்து இருபத்தஞ்சாயிரம் அட்வான்ஸ் கட்டப் போறேன்” என்றான். அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

அலுவலகத்தின் பெயரை எழுதப் போவதில்லை. விவகாரம் இப்போது வழக்கில் இருக்கிறது. தவிர, இதே முறையில் வேலை செய்பவர்கள் டெல்டாவில் இன்னும் பலர் இருப்பார்கள். பெயரைத் தெரிந்துகொண்டு அவரை மட்டும் தவிர்த்துவிட்டால் போதாது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அட்மிஷன் வேலையை அவர்கள் ஒழுங்காகத்தான் செய்தார்கள். நம் படிப்புச் சான்றிதழ்கள் உண்மையானவை என்று ஜெர்மன் தரப்பு சரிபார்த்துக் கொடுக்கிற ஏபிஎஸ் சான்றுக்கு 18,000 ரூபாய் கட்டி வாங்கிக் கொடுத்தார்கள், அரசுப் பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்தது, விசா ஃபைலிலும் பிழை இல்லை. அதனால்தான் அடுத்து அவர்கள் சொன்னதையும் நம்பினேன். பிற்பாடு யோசித்தபோதுதான் கணக்குப் புரிந்தது. தனியார் கல்லூரியில் சேர்த்துவிட்டால் ஏஜெண்டுக்குக் கமிஷன் கிடைக்கும். அரசுப் பல்கலைக்கழகத்தில் அது கிடையாது. அப்படியானால் என்னைப் போன்ற பையனிடம் லாபம் எங்கே பார்ப்பது? பேக்கேஜில்தான்.

‘செட்டிலிங் பேக்கேஜ்’ என்று பெயர். விமான நிலையத்தில் வந்து அழைத்துப் போவது, ஆறு மாத அறை வாடகை, சிம் கார்டு, ‘ரெஜிஸ்ட்ரேஷன் உதவி’ எல்லாம் சேர்த்து 1,85,000 ரூபாய். அறையின் போட்டோ வாட்ஸ்அப்பில் வந்தது. ஜன்னலோரம் மேசை, ஒற்றைக் கட்டில், தொட்டியில் ஒரு செடி. அப்பா உடனே சரி சொல்லிவிட்டார். “தெரியாத ஊரில பையன் ராத்திரி எங்கப் போயி நிப்பான்?” என்ற கவலை அவருக்கு. அம்மாவின் சங்கிலி சொசைட்டிக்குப் போனது. பணம் கட்டியதற்கு வெள்ளைத் தாளில் கையால் எழுதிய ரசீது கொடுத்தார்கள். ஜிஎஸ்டி எண் இல்லை, அறையின் முகவரி இல்லை. முகவரி கேட்டபோது, “அலாட்மென்ட் போற வாரத்துலதான் வரும் தம்பி” என்றார்கள். கேட்காமல் இருந்திருந்தால்கூட மனசு ஆறும். கேட்டுவிட்டு விட்டேன்.

செப்டம்பர் கடைசியில் போய் இறங்கினேன். அழைத்துப் போக வந்தது, முந்தைய வருடம் இதே அலுவலகம் அனுப்பிய ஓர் அண்ணன். வீடு, நான் படிக்கிற ஊரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். மூன்று அறை, ஒன்பது பேர். எனக்குக் கிடைத்தது இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தட்டு. குளியலறையில் ஒரே பிளாஸ்டிக் கோப்பையில் ஒன்பது பிரஷ், எது யாருடையது என்று தெரிய ஒவ்வொன்றிலும் ஒரு கலர் நூல். எனக்கு மஞ்சள். போட்டோவில் பார்த்த செடியை எந்த அறையிலும் காணவில்லை.

இதைக்கூடத் தாங்கியிருப்பேன். அண்ணாமலை நகரில் ஹாஸ்டலில் இருந்தவன் நான், நெருக்கடி எனக்குப் புதிதில்லை. என்னை உட்கார வைத்தது ஒரு தாள்.

ஜெர்மனியில் ஒரு வீட்டுக்குக் குடிபோனால் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். பதிவதற்கு, ‘இவர் இன்ன தேதியில் என் வீட்டுக்குக் குடிவந்தார்’ என்று வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். அதன் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேடிகுங். சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் கடைமடைக்கே போய்விடும். வாடகை ஒப்பந்தம் கையில் இருந்தாலும் அந்தத் தாளுக்கு அது ஈடாகாது. என்னிடம் ஒப்பந்தமும் இல்லை.

அண்ணனிடம் கேட்டேன். அந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருப்பவர் அவர்தான், கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். ஏற்கெனவே இரண்டு பேருக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார். அவரோடு சேர்த்து அந்த முகவரியில் மூன்று பேர். அதற்கு மேல் போனால் ஒன்பது பேரை அடைத்து வைத்திருப்பது வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும், எல்லோருமே தெருவுக்கு வந்துவிடுவோம் என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தலைக்கு 180 யூரோதான் ஏஜெண்டு அவருக்கு அனுப்புகிறார். அவரும் முந்தைய வருடம் இதே மேல்தட்டில் படுத்தவர்.

தாள் இல்லாமலே ஒரு முறை நகர அலுவலகம் போய்ப் பார்த்தேன். அங்கிருந்த அம்மா பாஸ்போர்ட்டைப் பார்த்தார், பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதத்தைப் பார்த்தார், அப்புறம் ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து, அடியிலிருந்த கையெழுத்துக் கட்டத்தில் பேனாவால் இரண்டு தட்டு தட்டி என் பக்கம் தள்ளினார். எனக்கு ஜெர்மன் அவ்வளவாக வராது. அன்றைக்கு அது தேவையும் படவில்லை.

பதிவு இல்லையென்றால் என்ன ஆகும்? எனக்கு ஆனதைச் சொல்கிறேன். மாணவர் விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் ஒரு வருடச் செலவை முன்கூட்டியே கட்ட வேண்டும். இப்போது அது 11,904 யூரோ, அங்கே போன பிறகு மாதம் 992 யூரோவாக விடுவிப்பார்கள். என் கணக்கை வைத்திருந்த நிறுவனம் பதிவுச் சான்று வேண்டும் என்றது. மேட்டூரில் தண்ணீர் நிற்கிறது, மதகு திறக்கவில்லை. என் பணம் கண்ணுக்குத் தெரிகிறது, எடுக்க முடியவில்லை. கையில் கொண்டுபோன 600 யூரோவில் ரொட்டியும் முட்டையுமாக ஓட்டினேன். வேலைக்குப் போகலாம் என்றால் வரி எண் வேண்டும், அது பதிவு செய்த முகவரிக்குத் தபாலில் வருவது. விசா முடிவதற்குள் வாங்க வேண்டிய குடியிருப்பு அனுமதிக்கும் அதே சான்றுதான்.

தபால் என்றதும் அந்தத் தபால் பெட்டி ஞாபகம் வருகிறது. நம் ஊரில் ‘மேலத் தெரு, வாத்தியார் வீட்டுக்கு எதிரே’ என்று எழுதினால் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். அங்கே பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயர்தான் எல்லாம். எங்கள் பெட்டியில் மூன்று பெயர், என் பெயர் இல்லை. வங்கிக் கார்டு இரண்டு முறை வந்து திரும்பிப் போனது. மூன்றாவது முறை, தாளில் பெயரை எழுதி செலோ டேப்பால் ஒட்டிவிட்டு வகுப்புக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் அண்ணன் கிழித்திருந்தார். வீட்டுக்காரர் அந்த வழியாக வந்தாராம்.

ஏஜெண்டுக்கு போன் போட்டேன். “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க தம்பி, எல்லாப் பசங்களும் அப்படித்தான் இருக்காங்க” என்றார். ரசீதில் ‘ரெஜிஸ்ட்ரேஷன் உதவி’ என்று எழுதியிருக்கிறதே என்றேன். அது சிம் கார்டு ரெஜிஸ்ட்ரேஷன் என்று கூசாமல் சொன்னார். நான்கு நாள் கழித்து அவரே கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். 400 யூரோ கொடுத்தால் வேறொரு ஊரில் ஒரு முகவரிக்குத் தாள் வாங்கித் தருவாராம். அங்கே நான் குடியிருக்க வேண்டாம், பதிந்தால் மட்டும் போதுமாம்.

உண்மையைச் சொன்னால், கடன் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஹம் நகரத்தில் இருக்கிற காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போனேன். 2002-இல் குடமுழுக்கு நடந்த கோயில், ஈழத்தமிழர்கள் கட்டியது. செமஸ்டர் டிக்கெட் இருந்ததால் ரயிலுக்குக் காசு வேண்டாம், மத்தியானம் சாப்பாடும் கிடைக்கும் என்ற எண்ணம். பக்தியைவிடப் பசி என்றே வைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அக்காவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். “தம்பி, உங்களுக்கு என்ன விசரே? அந்தப் பேப்பரைத் தொடாதேங்கோ” என்றார். குடியிருக்காத வீட்டுக்குப் பொய்த் தாள் கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கலாம், தாமதமாகப் பதிபவனுக்கு 1,000 யூரோ வரைதான், ஆகவே உண்மையைச் சொல்லித் தாமதமாகப் பதி என்றார். முப்பது வருடமாக அங்கே இருப்பவர். கடைசியில் அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: “பதிவில்லாத வீட்டில எத்தினை மாசம் இருந்தாலும், இந்த நாட்டுக்கு நீங்கள் இன்னும் வந்து சேரேல்லை.”

அவர் மூலமாகவே டோர்ட்முண்டில் ஒரு குடும்பத்தின் மாடி அறை கிடைத்தது. போன அன்றே தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். நாட்டில் இறங்கிய 47-ஆம் நாள் பதிந்தேன். அதே அலுவலகம், அதே அம்மா. தாமதத்துக்கு ஒரு பேச்சு கேட்டதோடு சரி, அபராதம் இல்லை. அடுத்த வாரம் பிளாக்டு அக்கவுண்டு திறந்தது.

ஏஜெண்டிடம் மீதி வாடகையைத் திருப்பிக் கேட்டதற்கு, “சர்வீஸ் குடுத்தாச்சே” என்றார். அப்பா இரண்டு முறை நேரில் போய்விட்டு வந்தார். மூன்றாவது முறை நான் விடவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அப்பா பெயரில் மனு போட்டிருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் போடலாம், நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எங்களிடம் இருப்பது அந்த வெள்ளைத் தாள் ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும்தான். இப்போது ஃபிளெக்ஸையும் போட்டோ எடுத்துச் சேர்த்துவிட்டேன்.

போகப் போகிறவர்கள் முதலில், அட்மிஷன் வந்த அன்றே பல்கலைக்கழகப் பகுதியின் ஷ்டூடியரெண்டன்வெர்க் (மாணவர் விடுதிகளை நடத்துகிற அமைப்பு) விடுதிக்கு நீங்களே விண்ணப்பியுங்கள். விண்ணப்பிப்பது இலவசம்தான், ஆனால் வரிசை நீளம். கிடைக்காவிட்டால் முதல் சில வாரத்துக்கு ஓர் இடம் பார்த்துக்கொண்டு, அங்கே போய் நேரில் அறை தேடுங்கள். அதற்கு ஆகும் செலவு அந்த 1,85,000-இல் பாதிகூட வராது. ‘நான் வெளிநாட்டில் இருக்கிறேன், டெபாசிட் அனுப்பு, சாவி கூரியரில் வரும்’ என்று எழுதுகிற வீட்டுக்காரரை அப்படியே விட்டுவிடுங்கள், அப்படி வீடே இருக்காது. டெபாசிட்டுக்கு அங்கே சட்டம் உண்டு. வெப்பம், தண்ணீர்க் கட்டணம் சேர்க்காத வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம்.

எங்கள் தெருப் பையனை இன்று காலை டீக்கடையில் வைத்து ஏஜெண்டுக்கு ஸ்பீக்கரில் போன் போடச் சொன்னேன். நான் எழுதிக் கொடுத்தது இரண்டே கேள்வி: வீட்டின் தெருப் பெயர், கதவு எண் என்ன? குடிபோன அன்று பதிவுத் தாளில் யார் கையெழுத்துப் போடுவார்கள்? அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், “யாரு தம்பி பக்கத்துல இருக்கா?” என்று கேட்டார்.