ரெமிங்டன் 700-க்கு டிம்னி ட்ரிகர்: சில வேட்டைப் பருவங்களுக்குப் பிறகு

புது ட்ரிகர் போட்டால் குறி தானாகச் சேரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குழல் அதே குழல், தோட்டா அதே தோட்டா. சுடலாம் என்று முடிவெடுத்த பிறகு, சுடும் ஊசி போய் விழுவதற்குள் நம் விரலே துப்பாக்கியை எவ்வளவு நகர்த்திவிடுகிறது என்பதுதான் மாறும். எனக்கு அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

என்னிடம் இருப்பது .308 தோட்டா போடும் ரெமிங்டன் 700 ரைஃபிள், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பென்சில்வேனியாவில் தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை தொடங்கும் மான் வேட்டைக்கும், மற்ற மாதங்களில் சுடப் பழகும் ரேஞ்சில் காகித அட்டையைத் துளைப்பதற்கும் அதுதான். தொழிற்சாலை ட்ரிகர்களைப் பொதுவாகவே கொஞ்சம் கனமாகத்தான் வைத்து அனுப்புவார்கள். யார் கையில் போய்ச் சேரும் என்று தெரியாத பொருள், வழக்கு பயம் வேறு. ஸ்கோப்புடன் எட்டு, ஒன்பது பவுண்ட் இருக்கும் துப்பாக்கியில் ட்ரிகரை இழுக்கவே ஐந்து பவுண்ட் விசை வேண்டுமென்றால், கடைசி நொடியில் குழல் ஓரமாக நகரத்தான் செய்யும்.

ரெமிங்டன் 700 சந்தைக்கு வந்தது 1962-இல். அதன் பழைய ட்ரிகரை வடிவமைத்தவர் மைக் வாக்கர் என்ற பொறியாளர். அதில் ட்ரிகருக்கும், சுடும் ஊசியைப் பிடித்து நிறுத்தும் சியர் என்ற பாகத்துக்கும் நடுவே கனெக்டர் என்று ஒரு சிறிய உலோகத் துண்டு தனியாக நிற்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் அது ட்ரிகரை விட்டு விலகித் திரும்ப வந்து உட்கார வேண்டும். அந்த இடுக்கில் அழுக்கோ காய்ந்த எண்ணெயோ புகுந்தால் கனெக்டர் முழுதாகத் திரும்பாது, தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டியை விடுவித்ததுமே வெடிக்கலாம் என்பதுதான் பல வழக்குகளில் வைக்கப்பட்ட வாதம். 2006-இல் வந்த எக்ஸ்-மார்க் ப்ரோ என்ற அடுத்த ட்ரிகரில் கனெக்டர் கிடையாது. ஆனால் அதையும் 2014 ஏப்ரலில் திரும்ப அழைத்தார்கள். உள்ளே பூசிய ஒட்டுப்பொருள் சிலவற்றில் அதிகமாகிவிட்டதாம். என்னுடையது வாக்கர் வகை. ஒருநாளும் தொல்லை தந்ததில்லை. ஆனாலும் இவ்வளவும் படித்த பிறகு, மாற்றலாமா வேண்டாமா என்று நான் ரொம்ப யோசிக்கவில்லை.

தேர்வு கடைசியில் இரண்டில் வந்து நின்றது. கனடாவின் ட்ரிகர்டெக், சியருக்கும் ட்ரிகருக்கும் இடையே ஒரு குட்டி உருளையை வைத்து உராய்வைக் குறைக்கிறது. அரிசோனாவில் செய்யப்படும் டிம்னி, பழைய முறையிலேயே இரண்டு உலோக விளிம்புகளை நேருக்கு நேர் வைத்து, அவற்றை நன்றாகத் தீட்டித் தருகிறது. உருளை நல்ல யோசனைதான். ஆனால் எனக்குக் கொஞ்சம் பழைய மனது, டிம்னி வாங்கினேன். அப்போது 150 டாலருக்குச் சற்று மேல். தொழிற்சாலையிலேயே மூன்று பவுண்டில் வைத்துத்தான் அனுப்புகிறார்கள், நாம் ஒன்றரையிலிருந்து நான்கு வரை மாற்றிக்கொள்ளலாம்.

பொருத்துவது பயந்த அளவுக்குப் பெரிய வேலை இல்லை. தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டைக் கழற்றி, தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தடவிப் பார்த்தபின் ஆரம்பித்தேன். கையில் பிடிக்கும் கட்டையான ஸ்டாக்கின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் குழலும், போல்ட் ஓடும் உடற்பகுதியான ஆக்‌ஷனும் ஒன்றாக மேலே வந்துவிடும். ட்ரிகரைப் பிடித்திருப்பது குறுக்கே போகும் இரண்டு பின்கள் மட்டுமே. சரியான அளவு பஞ்ச் (பின்னைத் தள்ளும் உலோகக் குச்சி) வைத்து, சிறிய சுத்தியலால் மெல்லத் தட்டினால் நகரும். பெயின்ட் உதிராமலிருக்க இரு பக்கமும் டேப் ஒட்டிக்கொள்வது நல்லது.

வில்லங்கம் எல்லாம் போல்ட் ஸ்டாப்பில்தான். போல்ட் பின்னால் உருவிக்கொண்டு வராமல் தடுக்கும் சிறிய தகடு அது. அந்த இரண்டு பின்களில் ஒன்றே அதையும் தாங்குகிறது. அதன் பின்னால் வளைந்த கம்பித் துண்டு போல ஒரு ஸ்ப்ரிங் இருக்கும், மூக்குத்தித் திருகாணி தவறினால் தேடுவது போலத்தான் அதையும் தேட வேண்டும். அதனால் கீழே வெள்ளைத் துண்டை விரித்து, பின்னை முழுதாக உருவாமல் ட்ரிகர் விடுபடும் அளவுக்கு மட்டும் தட்டி நிறுத்தினேன். பழையது இறங்கியது, புதியது அந்த இடத்தில் ஏறியது, பின்னைத் திரும்பத் தட்டினேன், அவ்வளவுதான். கழற்றும் முன் ஸ்ப்ரிங் உட்கார்ந்திருந்த விதத்தை போனில் படம் எடுத்துவைத்தது நல்லதாயிற்று. ஸ்டாக்கை மாட்டிய பிறகு சேஃப்டி நெம்புகோலோ ட்ரிகரோ மரத்தில் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். லேசாக உரசினாலும் ட்ரிகர் முழுதாகத் திரும்பாமல் போகலாம். மர ஸ்டாக்குக்கு ஸ்க்ரூவின் இறுக்கத்தை 45 இஞ்ச்-பவுண்ட் அளவில் நிறுத்துங்கள். 65 என்று எங்காவது படித்திருந்தால், அது உள்ளே அலுமினியத் தளம் வைத்த ஸ்டாக்குகளுக்கான கணக்கு.

பலர் இதோடு எழுந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் உண்மையான வேலையே இங்கேதான் ஆரம்பம். காலித் துப்பாக்கியை காக் செய்து (ஊசியைச் சுடத் தயார் நிலைக்குக் கொண்டுவந்து), சேஃப்டியைப் போட்டு, ட்ரிகரை நன்றாக அழுத்தி இழுத்து, கையை எடுத்துவிட்டு, சேஃப்டியை விடுவியுங்கள். ஊசி விழக் கூடாது. அப்புறம் போல்ட்டை வேண்டுமென்றே முரட்டுத்தனமாக அடித்து மூடுங்கள், திரும்பத் திரும்ப. அடுத்து சேஃப்டி இல்லாத நிலையில் அடிக்கட்டையை ரப்பர் மேட் மேல் தட்டுங்கள், ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டிலும் தட்டுங்கள். இதில் ஒருமுறை, ஒரே ஒரு முறை ஊசி விழுந்தாலும் அந்தத் துப்பாக்கி ரேஞ்சுக்குப் போகக் கூடாது, துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் போக வேண்டும். என்னுடையது எல்லாவற்றிலும் அசையாமல் நின்றது. ஒவ்வொரு பருவத்துக்கு முன்பும் இதே சோதனைகளைத் திரும்பச் செய்கிறேன்.

ரேஞ்சில் முதலில் தெரிந்த வித்தியாசம் இழுவிசை அல்ல. பழையதில் விரலை அழுத்தினால் கொஞ்சம் நகரும், நிற்கும், மறுபடி நகரும், அப்புறம் எப்போதோ வெடிக்கும். புதியதில் விரலுக்கு எந்த நகர்வும் தெரியாது, கண்ணாடிக் குச்சி ஒடிவது போல டக்கென்று விடும். ஆக்‌ஷனை ஸ்டாக்கிலிருந்து எடுத்து மாட்டினால் குறி இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு, அதனால் தோட்டா விழும் இடத்தோடு ஒத்துப்போகும்படி ஸ்கோப்பை மறுபடி ஜீரோ செய்தேன். 100 கஜத்தில் என் குழுக்கள் (அட்டையில் தோட்டாத் துளைகள் விழும் கூட்டம்) சுருங்கின என்பது உண்மை. ஆனால் என்னைவிட நன்றாகச் சுடும் நண்பர் பழைய ட்ரிகரிலேயே ஏறக்குறைய அதே அளவு குழுவை எடுத்திருந்தார் என்பதும் உண்மை.

இழுவிசையை கேஜ் வைத்து அளந்து, இரண்டரை பவுண்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். ஒன்றரை வரை போகலாமே என்று கேட்பார்கள். ரேஞ்சில் மேஜைமேல் மணல்மூட்டை வைத்துச் சுடுபவருக்கு அது சரி. நவம்பர் கடைசியில், தடித்த கையுறை போட்டு, விறைத்த விரலோடு மரத்தடியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது ஆபத்து. கையுறை துணி ட்ரிகரைத் தொடுவதே தெரியாது. நண்பர் ஒருவர் முதன்முறை என் துப்பாக்கியை வாங்கிச் சுட்டுவிட்டு, "என்னடா இது, நான் இன்னும் ரெடியே ஆகலை, அதுக்குள்ள போயிடுச்சு" என்றான். அது இரண்டரையில். அதிலிருந்து யார் கையில் கொடுத்தாலும் காலித் துப்பாக்கியில் சில தடவை இழுக்கச் சொல்லிவிட்டுத்தான் தோட்டா கொடுக்கிறேன். சியர் பிடிப்பை, அதாவது சியரும் ட்ரிகரும் எவ்வளவு கோத்து நிற்கின்றன என்பதை, மாற்றும் ஸ்க்ரூவைத் தொடவே இல்லை, தொடவும் மாட்டேன். இழுவிசை வேறு, அது வேறு.

பராமரிப்பில் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: ட்ரிகருக்குள் எண்ணெய் விடாதீர்கள். குளிரில் அது இறுகும், தூசியைப் பிடிக்கும். வருடத்துக்கு ஒருமுறை லைட்டர் திரவத்தை ஊற்றி அலசி, காற்றில் உலர விடுகிறேன், நெருப்புப் பக்கம் இல்லாமல். குழலைத் துடைக்கும்போது வாய்ப்பக்கம் தாழ்ந்திருக்கும்படி வைத்தால், சுத்தம் செய்யும் சால்வென்ட் பின்னால் வழிந்து ட்ரிகருக்குள் போகாது. இத்தனை பருவங்களில் இழுவிசையைக் கேஜில் அளக்கும்போது சொல்லும்படியான மாற்றம் இல்லை.

வாங்கலாமா என்றால், பழைய 700 வைத்திருப்பவர்களுக்கு யோசிக்காமல் ஆம் என்பேன். போல்ட் ஸ்டாப்பைக் கண்டு தயக்கம் இருந்தால் கன்ஸ்மித்துக்குக் கூலி கொடுத்துவிடுங்கள். புதிதாகச் சுடப் பழகுகிறவர் என்றால் அந்தப் பணத்துக்குத் தோட்டா வாங்கலாம். என்னிடம் டிக்கா டி3எக்ஸ் என்ற இன்னொரு ரைஃபிளும் இருக்கிறது. அதன் தொழிற்சாலை ட்ரிகரே சுத்தமாக விடுகிறது, இழுவிசையையும் ஸ்க்ரூவில் குறைக்கலாம். அதில் கைவைக்கும் எண்ணம் இல்லை.