பத்து நிமிட சுகமும் மூன்று மணி நேர சுகமும்: நூலக வாசிப்புத் தளத்தில் ஆறு வருடம்

முனைவர் பட்ட ஆய்வுக்காக எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் இரண்டாம் தளத்தில் ஆறு வருடமாக உட்கார்ந்து படிக்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம், ஆய்வேடு எழுதும் காலத்தில் எட்டு மணி நேரம்கூட. இதற்குள் அந்தத் தளத்தில் நாற்காலி மாறியது, மேசை மாறியது, விளக்கு மாறியது. பழைய சாமான்களோடு இரண்டு வருடம் இருந்திருக்கிறேன். மாற்றத்தின்போது வாசகர் குழுவில் ஒருத்தியாக இருந்தேன். புதியவை எல்லாம் பழசாகிவிட்ட இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். தளவாடம் வாங்கப்போகிற வேறு நூலகங்களுக்கு இந்த அனுபவம் பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நான் சேர்ந்தபோது கனமான மர நாற்காலிகளும் எட்டுப் பேர் உட்காரும் நீள மேசைகளும் இருந்தன. பார்க்க அழகு, உறுதியும் அதிகம். ஆனால் முதல் பருவம் முடிவதற்குள் என் இடது தோள் கல்லாக இறுகிவிட்டது. நான் இடது கையால் எழுதுகிறவள். மாலையானால் தோளிலிருந்து கழுத்து வரைக்கும் ஒரு இழுப்பு. நாற்காலியில் குஷன் இல்லாததுதான் காரணம் என்று நினைத்து வீட்டிலிருந்து ஒரு தலையணை கொண்டுபோனேன். அதிசயமாக, வலி பாதியாகக் குறைந்தது. ஆனால் அது தலையணையின் மென்மையால் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. தலையணை என்னை நான்கு செ.மீ. உயர்த்தியிருந்தது.

ஒரு நாள் அளவு டேப் எடுத்துப் போய் அளந்தேன். மேசை 77 செ.மீ., நாற்காலியின் இருக்கை 43 செ.மீ. இடைவெளி 34. எழுதுவதற்கும் படிப்பதற்கும் இந்த இடைவெளி 27லிருந்து 30க்குள் இருந்தால்தான் பெரும்பாலானவர்களுக்குச் சரிப்படும். அதைச் சோதிக்க டேப்கூட வேண்டாம். நேராக உட்கார்ந்து தோள்களைத் தளர்த்தி, கைகளைத் தொங்கவிட்டு, முழங்கையை மட்டும் மடக்குங்கள். மேசைப் பலகை முழங்கை உயரத்தில், அல்லது அதற்கு ஒரு விரற்கடை மேலே இருக்க வேண்டும். எங்கள் மேசை எனக்கு அதற்கும் மேலே, கிட்டத்தட்ட மார்பை நெருங்கி இருந்தது. அதில் கையை வைக்க வேண்டுமானால் தோளைத் தூக்கித்தான் ஆக வேண்டும். ஐந்து மணி நேரம் தோளைத் தூக்கியபடி இருந்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

மூன்றாம் வருடம் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன், தளத்தைப் புதுப்பிக்கப் பணம் ஒதுக்கினார்கள். நான்கு வகை மாதிரி நாற்காலிகளை நுழைவாயிலில் வைத்து, உட்கார்ந்து பார்த்து ஓட்டுப் போடச் சொன்னார்கள். எல்லோரும் ஆர்வமாக வந்தோம். ஆளுக்கு இரண்டு நிமிடம், அதிகம் போனால் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்போம். தடித்த நுரை வைத்த நாற்காலிக்கு ஓட்டுகள் குவிந்தன. நானும் அதற்குத்தான் போட்டேன். முதல் பத்து நிமிடத்தில் மென்மையானது எதுவும் சுகமாகத்தான் இருக்கும். இரண்டாவது மணி நேரத்தில் அதே மென்மைக்குள் இடுப்பு புதைந்து, முதுகு வளைந்து, கால் மாற்றி மாற்றி உட்கார ஆரம்பிப்போம். இதை எங்களுக்கு எடுத்துச் சொன்னவர் எங்கள் நூலகர். ஓட்டெடுப்போடு விடாமல், நான்கையும் இரண்டு வாரம் தளத்தில் நிஜமான மேசைகளுக்கு முன்னால் போட்டார். காலையில் வந்து அமர்பவர்கள் மதியம் எதில் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்தார். மதியத்துக்குள் நுரை நாற்காலி காலியாகிவிடும். வலைத்துணி முதுகும் சற்றே கெட்டியான இருக்கையும் கொண்ட நாற்காலியில் ஆள் இருந்துகொண்டே இருக்கும். கடைசியில் அதையே வாங்கினார்கள். இந்த ஆறு வருடத்தில் நடந்த நல்ல காரியங்களில் இதுதான் முதலாவது என்பேன். மாதிரி கேட்டு வாங்கும் எந்த நூலகமும் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் அதைப் படிக்கும் இடத்திலேயே போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆனால் நாற்காலிகள் மொத்தமாக வந்து இறங்கிய முதல் வாரமே ஒரு சிக்கல். பழைய மேசைகளின் பலகைக்கு அடியில் சுற்றிலும் ஒரு மரச்சட்டம் ஓடும். புது நாற்காலியின் கைப்பிடிகள் அந்தச் சட்டத்தில் இடித்தன. நாற்காலியை உள்ளே தள்ளவே முடியவில்லை. மாதிரிகளைப் போட்டிருந்தது சட்டம் இல்லாத கணினி மேசைகளில் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. விளைவு என்ன தெரியுமா? எல்லோரும் மேசையிலிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து, புத்தகத்தை நோக்கி முன்னால் குனிந்தோம். அவ்வளவு யோசித்து வாங்கிய முதுகுச் சாய்மானத்தில் ஒருவர் முதுகும் படவில்லை. கைப்பிடியின் ஓரம் சட்டத்தில் உரசி உரசி, ஒரு மாதத்தில் கறுப்பு பிளாஸ்டிக் தேய்ந்து வெளுத்துவிட்டது. எங்கே இடிக்கிறது என்பதை அந்த வெள்ளைக் கோடே காட்டிக் கொடுத்தது.

தீர்வு எளிமையாக இருந்தது. ஒவ்வொரு கைப்பிடியையும் மூன்று ஸ்க்ரூக்கள்தான் பிடித்திருந்தன. பராமரிப்பு ஊழியர் ஒரு ஆலன் சாவியோடு வந்து, நான்கில் மூன்று பங்கு நாற்காலிகளின் கைப்பிடிகளைக் கழற்றினார். எழுந்திருக்கக் கைப்பிடியின் துணை தேவைப்படுபவர்களுக்காக மீதியை அப்படியே விட்டு, கணினி மேசைகளுக்குக் கொண்டுபோனார்கள். அதன்பின் ஒரு தச்சர் வந்து நீள மேசைகளின் கால்களில் மூன்று செ.மீ. அறுத்தார். 77 இப்போது 74. அன்று நான் அங்கே இருந்தேன். மேசையைக் கவிழ்த்துப் போட்டு, நான்கு கால்களிலும் பென்சில் கோடு போட்டு, நிதானமாக அறுத்து, அடியில் புதுக் குமிழ் அடித்தார். நிமிர்த்தி வைத்ததும் ஆடவே இல்லை. புது நாற்காலிகளுக்கு ஆன செலவோடு ஒப்பிட்டால் அந்த வேலைக்கு ஆனது சொற்பம். ஆனால் என் தோளுக்கு நிம்மதி கொடுத்தது அந்த மூன்று செ.மீ.தான்.

இதே சட்டத்தால் இன்னொருவர் பட்ட கஷ்டம் அப்போதுதான் எங்கள் கண்ணில் பட்டது. சக்கர நாற்காலியில் வரும் ஒரு மாணவி அதுவரை மேசைக்குப் பக்கவாட்டில் நின்று, உடம்பைத் திருப்பியபடியேதான் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முழங்கால் அந்தச் சட்டத்துக்கு அடியில் போகாது. எங்களில் ஒருவரும் இதைக் கவனிக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது. குழுவில் பேசிய பிறகு இரண்டு மேசைகளைச் சட்டம் இல்லாமல் புதிதாகச் செய்தார்கள். பலகைக்கு அடியில் 70 செ.மீ. வெற்றிடம், அகலத்தில் தாராளமான இடம். முதல் நாள் அவள் நேராக உள்ளே வந்து, இரண்டு முழங்கைகளையும் மேசை மேல் வைத்துப் புத்தகத்தைத் திறந்தாள்.

உயரம் குறைந்தவர்களுக்கு 74ம் அதிகம்தான். அவர்கள் நாற்காலியை உயர்த்தினால் பாதம் தரையில் படாது, இருக்கையின் முன் விளிம்பு தொடையை அழுத்தி கால் மரத்துப்போகும். அதற்குப் பாதப்பலகைதான் வழி. தச்சர் மிச்ச மரத்திலேயே சரிவான பாதப்பலகைகள் சிலவற்றைச் செய்து கொடுத்தார். இப்போது தளத்தில் காலையில் முதலில் காணாமல் போகும் பொருள் அதுதான், அவ்வளவு கிராக்கி. உடம்புகள் ஒரே அளவில் இல்லை என்பதை நாற்காலி செய்கிறவர்களும் அறிவார்கள். 1994-ல் ஹெர்மன் மில்லர் நிறுவனம் கொண்டுவந்த ஏரான் என்ற புகழ்பெற்ற வலைத்துணி நாற்காலியை மூன்று அளவுகளில் விற்றார்கள். நூலகம் அப்படி மூன்று அளவில் வாங்க முடியாது. குறைந்தபட்சம் உயரம் கூட்டிக் குறைக்கும் வசதியும் ஒரு மூலையில் பாதப்பலகைகளும் இருந்தாலே பெரிய உபகாரம்.

அடுத்து சத்தம். பழைய நாற்காலியை இழுத்தால் தளம் முழுக்கக் கிறீச் என்று கேட்கும். நாற்காலிக் கால்களின் அடியில் ஒட்டும் ஃபெல்ட் (தடித்த கம்பளித் துணி) வட்டங்களை வாங்கி ஒட்டினார்கள். மூன்று மாதத்தில் பாதி நழுவிவிட்டன. பசை தரையில் கறுப்பாக ஒட்டி, அதில் தூசியும் முடியும் சுருண்டுகொண்டன. புது நாற்காலிகள் சக்கரம் வைத்தவை. ஆனால் அந்தச் சக்கரம் கம்பளத் தரைக்கான கெட்டி நைலான் சக்கரம். எங்கள் தரையோ வழுவழுப்பான ஓடு. ஒருவர் நகர்ந்தால் சின்ன வண்டி ஓடுவது போலக் கேட்டது. வெறும் தரைக்கு ரப்பர் போன்ற மென்மையான ஓரம் வைத்த சக்கரம்தான் போட வேண்டும். ஆர்டர் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிட்டால் கூடுதல் வேலை மிச்சம். நாங்கள் பிறகு மாற்றினோம். மிச்சம் வைத்திருந்த மர நாற்காலிகளுக்கு ஒட்டும் வட்டத்தை விட்டுவிட்டு, ஸ்க்ரூ அடித்துப் பொருத்தும் ஃபெல்ட் குமிழ் போட்டார்கள். மூன்று வருடமாகிறது, இன்னும் இருக்கிறது.

மேசை நீளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்டுப் பேர் மேசையில் எட்டுப் பேர் உட்கார்ந்ததை நான் பார்த்ததே இல்லை, தேர்வுக் காலத்தைத் தவிர. வருகிறவர்கள் முதலில் மூலைகளைப் பிடிப்பார்கள். பக்கத்து நாற்காலியில் பையை வைத்துவிடுவார்கள். ராபர்ட் சாமர் என்ற உளவியலாளர் 1960களில் நூலகங்களில் உட்கார்ந்து இதையே ஆராய்ந்திருக்கிறார். பையும் புத்தகமும் எப்படி ஒருவருடைய எல்லைக்கல்லாக மாறுகின்றன என்று அவர் கவனித்தது எங்கள் தளத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. ஒரு வாசகருக்கு 90க்கு 60 செ.மீ. மேசைப் பரப்பு என்பது நூலகத் திட்டமிடுபவர்கள் வெகுகாலமாகச் சொல்லும் கணக்கு. கணக்குப்படி எங்களுக்கு அந்த இடம் இருந்தது, எங்கே முடிகிறது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். நடுவில் தாழ்வான தடுப்புப் பலகை வைத்த பிறகு நடு இருக்கைகளும் நிறைய ஆரம்பித்தன. முதலில் அதைத் தலை உயரத்துக்கு வைத்தார்கள். வெளிச்சமும் காற்றும் அடைபட்டு, பெட்டிக்குள் இருப்பது போல மூச்சு முட்டியது. பிறகு மேசையிலிருந்து 40 செ.மீ. என்று குறைத்தார்கள். குனிந்து படிக்கும்போது எதிரில் இருப்பவர் தெரிய மாட்டார், நிமிர்ந்தால் ஜன்னல் தெரியும். இந்த உயரத்தைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

விளக்கு எனக்குத் தனிப்பட்ட விஷயம். ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு மேசை விளக்கைப் பொருத்தினார்கள், எல்லாமே இடது பக்கம். வலது கையால் எழுதுகிறவர்களுக்கு அது மிகச் சரி. எனக்கோ, எழுதும் கையின் நிழல் பேனா முனை மேலேயே விழும். எழுதும் சொல் இருட்டுக்குள் போய்விடும். ஃபின்லாந்து கட்டடக் கலைஞர் ஆல்வர் ஆல்ட்டோ, 1935-ல் திறக்கப்பட்ட வீபுரி நூலகத்தின் வாசிப்புக் கூடத்துக்கு 57 வட்ட வான்ஜன்னல்களைக் கூரையில் வைத்தார். ஒளி பல திசைகளிலிருந்து வந்தால் வாசகருடைய நிழல் புத்தகத்தில் விழாது என்ற யோசனைதான். எங்களுக்குக் கூரையை உடைக்க முடியாது. கையை மடக்கி இரண்டு பக்கமும் திருப்பக்கூடிய விளக்குகளைச் சில இருக்கைகளில் மாற்றிக் கொடுத்தார்கள், அது போதும். படிக்கும் இடத்துக்கு 500 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பது ஐரோப்பியத் தரநிலை. எங்கள் மூலைகளில் அது இப்போதும் குறைவு. மேசை மேல் பளபளக்கும் மைக்கா ஒட்டாதீர்கள், விளக்கொளி அதில் பட்டுக் கண்ணைக் கூசும். மங்கலான பூச்சே நல்லது.

பிளக் பாயிண்ட் பற்றி ஒரே வரி: மேசை நடுவே மூடி திறக்கும் வகை வேண்டாம், அதில் தண்ணீரும் பிஸ்கட் தூளும் போகிறது, மூடி முதல் வருடமே உடைகிறது. விளிம்புக்குக் கீழே பக்கவாட்டில் வைத்தது இன்றும் நன்றாக இருக்கிறது.

சோபாக்களும் போட்டார்கள். ஒரு வருடத்தில் நடுப்பகுதி குழிவிழுந்துவிட்டது. அடர்த்தி குறைந்த நுரைக்கு அதுதான் கதி. ஆனாலும் அவை வேண்டும். தேர்வுக் காலத்தில் இருபது நிமிடம் கண்ணை மூடிவிட்டு வருபவர்களை அங்கேதான் பார்க்கிறேன். அது அவர்களுக்குத் தேவையான ஓய்வு.

நூலகவியலின் ஐந்து விதிகளை 1931-ல் எழுதிய ரங்கநாதன், நூல்கள் பயன்பாட்டுக்கே என்ற முதல் விதியை விளக்கும்போதே நூலகம் இருக்கும் இடம், திறந்திருக்கும் நேரம், பணியாளர்கள் ஆகியவற்றோடு தளவாடத்தையும் சேர்த்துப் பேசுகிறார். பராமரிப்புக்குப் பணம் கேட்டு நாங்கள் கொடுத்த மனுவில் இதைக் குறிப்பிட்டோம். மனு தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. நான்காம் வருடக் கடைசியிலிருந்து நாற்காலிகளின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் கேஸ் சிலிண்டர்கள் ஒவ்வொன்றாகக் கசிய ஆரம்பித்தன. உயர்த்தி உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் மெல்ல இறங்கிவிடும். திரும்பவும் அதே 34 செ.மீ.க்குக் கொண்டுபோய் விட்டுவிடும், திரும்பவும் தோள் ஏறும். சிலிண்டரை மட்டும் தனியாக மாற்றலாம், நாற்காலியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. வாங்கும்போதே உதிரி சிலிண்டர்கள், சக்கரங்கள், ஸ்க்ரூக்களைச் சேர்த்து வாங்கியிருந்தால் அந்த எட்டு மாதக் காத்திருப்பு நேர்ந்திருக்காது.

இப்போது வரவேற்பு மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. நாற்காலி எண், என்ன கோளாறு, என்றைக்கு என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். நேற்று நான் எழுதியது: 46-ம் எண், இடது பின் சக்கரம் சுற்றவில்லை. இன்று காலை போனபோது அந்த வரியின் மேல் டிக் போட்டிருந்தது. 46-ல் ஏற்கெனவே ஒரு பையன் உட்கார்ந்து, பாதப்பலகையில் காலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தான்.