எஃப்டெலிங்: பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்த ஐயா, ஆயாக்களுக்கு

நெதர்லாந்து நாட்டு ஐந்தோவனில் பிள்ளை வேலை பார்க்கிறான், மூன்று மாத விசாவில் போய் இருந்துவிட்டு வந்தோம் என்று சொல்கிறவர்களை இப்போது காரைக்குடிக் கல்யாண வீடுகளில் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம். எங்கெங்கே போனீர்கள் என்று கேட்டால் ஆம்ஸ்டர்டாம் படகு, டுலிப் தோட்டம், காற்றாலை என்று வரிசையாகச் சொல்வார்கள். எஃப்டெலிங் என்ற தீம் பார்க் பேச்சை எடுத்தால் மட்டும், "அது சின்னப் பிள்ளைக விளையாடுற எடம், நாங்க ரெண்டு பேரும் பெஞ்சுல உக்காந்திருந்தோம்" என்று முடித்துவிடுவார்கள். அந்தப் பெஞ்சில் உட்கார இருப்பவர்களுக்குத்தான் இந்த விமர்சனம்.

எனக்கு முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் பழைய சாமான் கடை. பிரித்த வீட்டிலிருந்து வரும் நிலை, கதவு, தூண், எனாமல் ஏனம், பெல்ஜியம் கண்ணாடி என்று வாங்கி விற்கிற பிழைப்பு. எது தேக்கு, எது தேக்கு மாதிரி சாயம் பூசினது என்று தட்டிப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். தீம் பார்க் என்றாலே ஃபைபர், பிளாஸ்டிக், தெர்மாகோல் என்று நினைத்துக்கொண்டுதான் மகள் குடும்பத்தோடு கிளம்பினேன். வாசலில் ஒரு பெரிய கூரை, கூரான கோபுரங்களோடு. நிஜக் கோரை வேய்ந்தது. அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். மருமகன் டிக்கெட்டைக் காட்டி உள்ளே கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

இந்த இடம் வடக்கு பிராபன்ட் மாகாணத்தில் காட்ஸ்ஹோவெல் என்ற சின்ன ஊரில் இருக்கிறது. ஐந்தோவனிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். ஊருக்கு ரயில் கிடையாது. தில்பர்க் அல்லது டென் பாஸ் ஸ்டேஷனில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். "டிஸ்னி மாதிரியா?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். டிஸ்னிலாண்டுக்கு இது மூத்தது. அமெரிக்காவில் அது திறந்தது 1955இல். இங்கே மரங்களுக்கு நடுவே கதைக் காட்சிகளை அமைத்த தேவதைக் கதைக் காடு 1952 மே 31 அன்றே திறந்துவிட்டது, பத்துக் கதைகளோடு. நடத்துவது ஓர் அறக்கட்டளை, 1950இல் ஆரம்பித்தது. ஆன்டன் பீக் என்ற ஓவியர் படம் போட்டுக் கொடுத்தார். ஐந்தோவன்காரரான பீட்டர் ரைண்டர்ஸ் அந்தப் படத்தை அசைய வைத்தார். உண்மையான செங்கல், உண்மையான மரம், உண்மையான ஓடு போட்டுக் கட்டுவதானால் வருகிறேன் என்று பீக் சொன்னாராம். அந்த ஒரு நிபந்தனைதான் இன்றைக்கும் இந்தக் காட்டைத் தாங்கி நிற்கிறது என்பது என் கட்சி.

ஒரு வீடும் நேராக இல்லை. கூரை முதுகு வளைந்திருக்கிறது, புகைபோக்கி சாய்ந்திருக்கிறது, ஓட்டில் பாசி. வேண்டுமென்றே அப்படிக் கட்டியிருக்கிறார்கள். கோணல் நிலைக்குக் கதவு பொருந்த வேண்டுமென்றால் கதவையும் அதே கோணலில் அறுக்க வேண்டும். கீல் மாட்டுவது இன்னும் கஷ்டம். அதைச் செய்த ஆசாரி எவனோ, அவன் கையைப் பிடித்துக் கும்பிடலாம். நம் பக்கத்தில் நூறு வருஷத்து முகப்பைப் பிரித்து லாரியில் ஏற்றுகிறோம். என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது, அதனால் இதற்கு மேல் பேச எனக்கு வாய் கிடையாது.

காட்டுக்குள் இப்போது முப்பது கதை வரை இருக்கும். நெட்டைக் கழுத்தன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், லாங்நெக் என்று பேர். முதல் நாளிலிருந்து இருக்கிறவன். கழுத்து மெல்ல மெல்ல மரத்துக்கு மேலே ஏறும், சுற்றிப் பார்க்கும், மறுபடி இறங்கும். அவ்வளவுதான் வேலை. நாலு வயசுப் பேரன் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்றான். தூங்கும் இளவரசியின் நெஞ்சு மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்குகிறது. இரண்டு சிவப்புச் செருப்பு ஆளே இல்லாமல் தானாக ஆடுகிறது. புல்தரையில் காளான்கள் பாட்டுப் பாடுகின்றன; பிள்ளைகள் குனிந்து காதை வைத்துக் கேட்கிறார்கள். காசு போட்டால் கழுதை பின்பக்கமாகத் தங்கக் காசு விடும். பேத்திக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, "ஐயா, இன்னொரு காசு" என்று என் சட்டைப் பையைக் காலி செய்துவிட்டாள். சில்லறை யூரோ கொஞ்சம் கொண்டு போங்கள்.

என் வீட்டுக்காரி ஜெயித்தது பேசும் கிளியிடம்தான். நாம் சொல்வதை அது அப்படியே திருப்பிச் சொல்லும். சுற்றி நின்ற டச்சுப் பிள்ளைகள் என்னென்னவோ கத்திப் பார்த்தார்கள். இவள் போய், "ஏண்டா, சாப்பிட்டியா?" என்றாள். அதுவும் "ஏண்டா, சாப்பிட்டியா?" என்றது, நம் ஊர் இழுவையோடு. பிறகு அங்கிருந்து அவளைக் கிளப்பப் பேத்திதான் கை பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

குப்பைத் தொட்டி விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். ஹொல்லெ பொல்லெ கெய்ஸ் என்று வாயைத் திறந்துகொண்டிருக்கும் ஒரு குண்டன். "பாப்பீர் ஹீர்!" என்று கத்துவான், காகிதத்தை இங்கே போடு என்று. வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனால் காற்று உறிஞ்சிக்கொள்ளும், நன்றியும் சொல்வான். 1959இலிருந்து நடக்கிற வித்தை. வீட்டில் சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்காத பேரன், யார் போட்டதோ தெரியாத காகிதத்தையெல்லாம் தேடித் தேடிப் பொறுக்கிக்கொண்டு ஓடினான். நம் கோயில் திருவிழாக்களில் இதில் நாலு வைத்தால் போதும்.

இந்தியத் தண்ணீர் அல்லி என்று ஒரு கூடம். 1966இல் வந்தது. கதை பெல்ஜியம் ராணி ஃபபியோலா எழுதியது. பேரைப் பார்த்து நம்முடையது ஏதோ இருக்கும் என்று போனால் ஒன்றும் இருக்காது. ராணியம்மாவின் கற்பனை இந்தியா அது. ஆனாலும் இருட்டில் குளத்து அல்லி விரிந்து உள்ளிருந்து பெண்கள் ஆடும்போது குறை சொல்ல மனசு வரவில்லை.

இனி திட்டம். கதவு திறந்ததும் இளசுகள் எல்லாம் ரோலர் கோஸ்டர் பக்கம் ஓடும். விடுங்கள். காட்டில் கூட்டம் இல்லாத நேரம் அதுதான், நேராக அங்கே நடந்துவிடுங்கள். பகல் வரை காடு. பிறகு உட்கார்ந்து பார்க்கும் ரைடுகள். கோஸ்டர் ஆசை உள்ளவர்கள் சாயங்காலம் கடைசி ஒரு மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளட்டும். சிலவற்றில் தனி ஆளுக்கென்று வேறு வரிசை உண்டு, சீக்கிரம் நகரும். அவர்களுடைய ஆப்பில் எந்த ரைடுக்கு எத்தனை நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்று தெரியும். மருமகன் அதைத்தான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளின் உயரத்தை வீட்டிலேயே நிலைக்கதவில் கோடு போட்டு அளந்துகொண்டு போங்கள். யோரிஸ் என்ற மரக் கோஸ்டருக்கு 110 செ.மீ., பைத்தானுக்கு 120, பரோன் 1898க்கு 132. இந்த பரோன் முப்பத்தேழரை மீட்டர் நேராகக் கீழே சுரங்கத்துக்குள் விழுகிறது. பேத்திக்கு இரண்டு விரற்கடை குறைந்தது. அளந்து வைத்திருந்ததால் அழுகை வீட்டோடு முடிந்தது. கைக்குழந்தை இருந்தால் அப்பா போய் வந்ததும் அம்மா மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளும் வசதி இருக்கிறது, வாசலில் இருக்கும் ஆளிடம் கேளுங்கள்.

பெரியவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது மூன்று. ஒன்று, ட்ரோம்ஃப்லுக்ட், 1993இல் வந்தது. தொங்கும் பெட்டியில் உட்கார்ந்தால் இருட்டுக் காட்டுக்குள் தேவதைகள் நடுவே ஊஞ்சல் மாதிரி கொண்டுபோகிறது. இரண்டு, 1986இல் வந்த ஃபாட்டா மொர்கானா. அரபுக் கதை ஊருக்குள் படகு. கடைத்தெரு, சிறைச்சாலை, சுல்தான் சபை என்று ஒவ்வொரு பொம்மையும் ஏதோ ஒரு வேலையில் இருக்கும். எனக்கு அந்தக் கடைத்தெருவை மட்டும் இறங்கி நடந்து பார்க்க ஆசை. மூன்று, சிம்பொலிகா அரண்மனை, 2017இல் வந்தது. வண்டிக்குத் தண்டவாளமே இல்லை, தரையில் தானாகச் சுழன்று போகிறது. பழைய பேய்க் கோட்டையை இடித்துவிட்டு 2024இல் டான்ஸ் மக்காப்ர் என்று ஒன்று கட்டியிருக்கிறார்கள்; பெரியவர்கள் பார்க்கலாம், சின்னதுகள் ராத்திரி தூங்காது. கார்னவால் ஃபெஸ்டிவல் என்ற பாட்டு ரைடு பேரனுக்கு உயிர். எனக்கு அந்தப் பாட்டு காரைக்குடி வரை காதில் வந்தது, அதற்கு மேல் கேட்காதீர்கள். பிரான்யா படகில் சேலையோடு ஏற வேண்டாம், முழுசாக நனைந்துவிடும். கால் வலித்தால் பழைய நீராவி ரயில் பூங்காவைச் சுற்றி ஓடுகிறது, ஏறி உட்காருங்கள்.

சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டுபோகலாம், யாரும் தடுப்பதில்லை. புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், தேன்குழல், மாவுருண்டை எல்லாம் மரத்தடி மேஜையில் விரித்துச் சாப்பிட்டோம். கடைகளில் வறுத்த உருளைக்கிழங்கும் குட்டி ஆப்பம் போன்ற பொஃபர்ச்சஸும் கிடைக்கும். பொஃபர்ச்சஸ் மாவில் வழக்கமாக முட்டை சேரும், சைவக்காரர்கள் கேட்டுவிட்டு வாங்கவும். ஃப்ரிகண்டெல் என்று நீளமாக இருப்பது இறைச்சி.

டிக்கெட்டைத் தேதி போட்டு முன்கூட்டியே ஆன்லைனில் எடுக்க வேண்டும். விலை நாளுக்கு நாள் மாறும், ஆளுக்கு 40 யூரோவுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். நாலு வயசு நிறையாத குழந்தைக்கு இலவசம். கார் நிறுத்தத் தனிக் காசு. ரூபாயில் பெருக்கிப் பார்க்கிற வேலையை மகள் காதில் விழாமல் செய்யவும். பள்ளி விடுமுறையில் கூட்டம் நெரியும். பெல்ஜியம் எல்லையும் பக்கம் என்பதால் அங்கிருந்தும் வருகிறார்கள். அதற்காகச் சாதாரண நாளில் லீவு போட வைக்க முடியாது, ஐந்து வயசிலிருந்து அங்கே பள்ளிக்கூடம் கட்டாயம், காரணம் இல்லாமல் நிறுத்தினால் அபராதம். ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று பள்ளிக்குப் பள்ளி தனியாக விடுகிற நாள் ஒன்று வரும். மற்ற பள்ளிகள் அன்று நடக்கும். நீங்கள் இங்கே விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே அந்தத் தேதியை மகளிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். எங்களுக்குப் பக்கத்து வீட்டுத் திருநெல்வேலிப் பெண் சொல்லிக் கொடுத்த வழி இது.

பிரசவம் பார்க்க மார்கழி, தையில் போகிறவர்கள் பூங்கா மூடியிருக்குமோ என்று நினைக்க வேண்டாம். 2010இலிருந்து வருஷம் முழுக்கத் திறந்திருக்கிறது. குளிர்காலத்தில் மரமெல்லாம் விளக்குப் போடுவார்கள், சில ரைடு மட்டும் ஓடாது. செருப்பு உதவாது, ஷூ போடுங்கள். வேட்டிக்கு உள்ளே ஒரு தெர்மல் கால்சட்டை மாட்டிக்கொண்டால் சாயங்காலத் தண்ணீர் நீரூற்று ஆட்டம் வரை தாங்கும்.