நாய்க்குப் பாத வெடிப்பு: தேங்காய் எண்ணெய், வாசலின், தேன்மெழுகு – பல கோடைகளின் அனுபவம்

நாய்க்குப் பாதம் வெடித்தால் எதைத் தடவலாம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். எங்கள் பொம்மிக்குப் பல கோடைகளாகத் தேங்காய் எண்ணெய், வாசலின், தேன்மெழுகுக் களிம்பு என்று மாற்றி மாற்றித் தடவியிருக்கிறேன். மூன்றில் இன்றும் வீட்டில் இருப்பது தேன்மெழுகுதான். ஆனாலும் அவள் பாதம் தேறியதில் களிம்பின் பங்கு பாதி. மீதிப் பாதி தரையும், வெளியே கூட்டிப்போகும் நேரமும்.

பொம்மி ராஜபாளையம் கலப்பு. மதுரை வெயில், சொரசொரப்பான சிமெண்ட் மொட்டை மாடி, அங்கே வரும் அணில்களை விரட்டுவதில் அவளுக்கு இருக்கும் ஆசை, இவ்வளவும் சேர்ந்தால் பாதம் என்ன ஆகும்? முன்னங்கால் இரண்டிலும்தான் வெடிப்பு அதிகம். நாயின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்களே தாங்குகின்றன. அதனால் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கும்போது முன்பாதத்தின் நடுவிலுள்ள பெரிய மெத்தையிலிருந்து தொடங்குவேன்.

எதையும் தடவும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டோம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லா வெடிப்பும் வறட்சியால் வருவதில்லை. டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்த நாய்களுக்குப் பாதமும் மூக்கும் தடித்து இறுகிப்போகலாம். துத்தநாகச் சத்துக் குறைபாடு, கொக்கிப்புழு, பூஞ்சை, உடலே தன் தோலைத் தாக்கும் நோய்கள் என்று வேறு காரணங்களும் உண்டு. நான்கு பாதமும் ஒன்றாகத் தடித்தாலோ, கூடவே காய்ச்சல், கண்ணில் பீளை, இருமல் இருந்தாலோ களிம்பைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. பொம்மிக்கு அப்படி எதுவும் இல்லை. வெயிலும் உராய்வும்தான் என்றார் டாக்டர்.

தேங்காய் எண்ணெய் எங்கள் அம்மாவின் வைத்தியம். தோல் மிருதுவாவது உண்மைதான், ஆனால் பாதத்தில் நிற்காது. 24 டிகிரியிலேயே உருகிவிடும் எண்ணெய் நம் ஊர்க் கோடையில் தண்ணீராகத்தான் இருக்கும். தடவிய கொஞ்ச நேரத்தில் பாதி டைல்ஸில், பாதி அவள் வயிற்றில். அதிகம் நக்கினால் வயிற்றுப்போக்கு வேறு. எண்ணெய்க் காலோடு வழவழப்பான தரையில் ஓடினால் சறுக்கும். வயதான நாய் உள்ள வீட்டில் இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

வாசலின் இன்னும் கொஞ்ச நேரம் தங்கும். ஆனால் பிசுபிசுப்பில் மண்ணும் முடியும் ஒட்டி, துடைப்பதே தனி வேலை. ராத்திரி தடவிவிட்டுப் படுக்க வைத்தால் பரவாயில்லை. வெளியே போகும் முன் தடவப் பயனில்லை.

தேன்மெழுகு வேறு மாதிரி. அது உருக 62 முதல் 64 டிகிரி வேண்டும், அதனால் பாதத்தின் மேல் மெல்லிய படலமாக நிற்கிறது. நாட்டு மருந்துக் கடையில் மெழுகு வாங்கி, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தேங்காய் எண்ணெய் சேர்த்து, கொதிக்கும் நீருக்குள் வேறு பாத்திரம் வைத்து உருக்கி, சின்ன டப்பாவில் ஊற்றி ஆறவிடுகிறேன். குளிர்காலத்தில் எண்ணெயைக் கொஞ்சம் கூட்டினால்தான் விரலில் வரும். நல்ல மெழுகில் தேன் வாசம் இருக்கும். வெள்ளையாக வாசமே இல்லாமல் கொடுத்தால் மெழுகுவர்த்தி மெழுகாக இருக்கலாம், கேட்டு வாங்குங்கள்.

தடவும் நேரம் முக்கியம். கால்களைக் கழுவி, விரலிடுக்கு வரை பருத்தித் துணியால் ஒற்றி, ராத்திரிச் சாப்பாடு வைக்கும் முன் தடவுவேன். அவள் சாப்பிட்டு முடிப்பதற்குள் களிம்பு ஊறிவிடும், நக்கும் ஆசையும் குறைந்துவிடும். மேலோட்டமான வெடிப்பு சில வாரங்களில் மூடிவிட்டது. ஆழமான ஒன்று மட்டும் பல மாதம் படுத்தியது. ரத்தம் கசிந்த நாட்களில் களிம்பே போடாமல், சலைனில் கழுவி, டாக்டர் தந்த மருந்தும், நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்புக் காலரும்தான். திறந்த புண்ணில் மஞ்சள் தூள் வைத்து அடைக்க நான் சம்மதிக்கவில்லை. தூள் வெடிப்புக்குள் இறுகிவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது.

நமக்குப் பித்தவெடிப்புக்குப் போடும் கிரீமை நாய்க்குப் போடவே வேண்டாம். சாலிசிலிக் அமிலம், ஜிங்க் ஆக்சைடு இரண்டும் நக்கினால் நாய்க்குக் கெடுதல். டீ ட்ரீ எண்ணெயும் அப்படியே, அது விஷம்.

இனி அந்த மீதிப் பாதி. அவள் படுக்கும் இடங்களில் பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் நிறுத்தினோம். வெறும் தண்ணீர்தான். தொடர்ந்து நக்கிக்கொண்டே இருந்தவள் குறைத்துக்கொண்டாள். அடுத்தது வாக்கிங். உச்சி வெயிலில் தார் ரோடு 60 டிகிரியைத் தாண்டும், பொழுது சாய்ந்த பிறகும் சூட்டை வைத்துக்கொண்டிருக்கும். புறங்கையை ரோட்டில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் வீட்டுக்குத் திரும்பிவிடுவோம். அக்னி நட்சத்திரத்தில் விடியும் முன் ஒரு நடை, ராத்திரி எட்டுக்கு மேல் ஒரு நடை. பகலில் மாடிக்கதவுக்குத் தாழ்ப்பாள்.

ஷூவும் வாங்கினோம். சூட்டைத் தடுக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் முக்கியமாகப் பாதத்தில்தான் இருக்கின்றன. கழற்றும்போது உள்ளே ஈரம் கோத்திருக்கும். டாக்டரிடம் நடந்து போகும் அளவுக்கு மட்டும் போடுகிறோம்.

ஐப்பசி மழை தொடங்கியதும் களிம்பை நிறுத்திவிடுவேன். ஈரம் உள்ளே தங்கினால் விரலிடுக்கில் பூஞ்சை வரும். அந்த மாதங்களில் வெளியே போய்வந்ததும் நன்றாகத் துடைத்து, மின்விசிறிக்கடியில் காயவிடுவது போதும். மார்கழிப் பனியில் தோல் வெளிறிச் சொரசொரக்கத் தொடங்கும்போது டப்பாவை மறுபடி எடுத்தால் சரியாக இருக்கிறது.